கடலுக்கு அடியில் ஒரு பாதை

அந்தமானில் ஸ்ரீ விஜயபுரம் என்ற ஊர் இருக்கிறது. 2024 வரை இந்த ஊருக்குப் போர்ட் பிளேர் என்று பெயர். அங்கே ஓர் அக்கா மளிகைக் கடை வைத்திருக்கிறார். பருப்பு, மிளகாய், புளி எல்லாம் சென்னையிலிருந்து கப்பலில் வரும். கப்பல் வந்து சேர மூன்று நாள் போல ஆகும்.

ஒரு நாள் மாலை. சென்னை மொத்த வியாபாரி அண்ணாச்சிக்கு அக்கா செல்போன் மூலம் 18,000 ரூபாய் அனுப்பினார். போனில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. "பணம் சென்றது" என்ற செய்தி வரவில்லை.

அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டும். பணம் போய்ச் சேராவிட்டால் சரக்கு ஏறாது. கணக்கில் இன்னும் 18,000 ரூபாய்தான் இருந்தது. அது சீட்டுக் கட்ட வைத்த பணம். அக்கா மறுபடியும் அனுப்பப் போனார்.

பக்கத்து வீட்டுத் தம்பி கல்லூரியில் கணினி படிக்கிறவன். அவன் தடுத்தான்.

"அவசரப்படாதீங்க அக்கா. முதல்ல உங்க கணக்கைப் பாருங்க."

பார்த்தார்கள். 18,000 ரூபாய் கழிந்திருந்தது.

"இப்போ அண்ணாச்சிக்குப் போன் போடுங்க. அவரோட கணக்கைப் பார்க்கச் சொல்லுங்க."

அண்ணாச்சி பார்த்துவிட்டுச் சொன்னார்: "பணம் வந்துடுச்சும்மா. காலையில சரக்கை ஏத்திடறேன்."

அக்காவுக்கு மூச்சு வந்தது. "பணம் போயிருக்கு. அப்போ எனக்கு ஏன் செய்தி வரலை?" என்று கேட்டார். தம்பி விளக்கினான்.

வலையமைப்பு என்றால் என்ன?

பல கணினிகளை ஒன்றோடு ஒன்று இணைப்பதே கணினி வலையமைப்பு. இதைத்தான் 'நெட்வொர்க்' என்கிறோம். செல்போனும் ஒரு சிறு கணினிதான். அக்காவின் போனிலிருந்து செய்தி முதலில் செல்போன் கோபுரத்துக்குப் போகிறது. அங்கிருந்து வங்கிகளின் கணினிகளுக்குப் போகிறது. பதில் அதே போலத் திரும்பி வர வேண்டும்.

"கப்பல்ல 20 மூட்டை வருதுன்னு வைங்க. மூட்டைக்கு மூட்டை நம்பர் இருக்கு. நீங்க பில்லை வச்சுச் சரிபார்ப்பீங்க. 7-ஆம் நம்பர் மூட்டை வரலைன்னா என்ன செய்வீங்க?"

"அதை மட்டும் அனுப்பச் சொல்லுவேன்."

"நெட்வொர்க்கும் அப்படித்தான் அக்கா. செய்தியைச் சின்னச் சின்னப் பொட்டலமாப் பிரிக்கும். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போடும். வந்து சேர்ந்ததும், 'சேர்ந்தது' என்று பதில் போகும். பதில் வரலைன்னா மறுபடி அனுப்பும். இன்னைக்குப் பணம் போய்ச் சேர்ந்துடுச்சு. 'சேர்ந்தது' என்ற பதில்தான் வழியில தடைபட்டது. நீங்க மறுபடி அனுப்பியிருந்தா 36,000 போயிருக்கும்."

கடலைத் தாண்டுவது எப்படி?

முன்பு அந்தமான் தீவுகள் வெளியுலகத்தோடு பேசச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. அது பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. செய்தி மேலே போய்க் கீழே வர வேண்டும். பாதையும் குறுகியது. சின்னக் குழாயில் ஊருக்கே தண்ணீர் விட்டால் என்ன ஆகும்? எல்லோருக்கும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதே நிலைதான் இங்கும் இருந்தது.

அதனால் கடலுக்கு அடியில் கேபிள் போட முடிவானது. 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் வேலையை நடத்தியது. 2020 ஆகஸ்ட் 10 அன்று கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். சென்னையில் தொடங்கும் இந்தக் கேபிள் ஸ்ரீ விஜயபுரம், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், ரங்கத் முதலிய இடங்களை இணைக்கிறது.

கேபிளுக்குள் தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைகள் இருக்கின்றன. செய்தி ஒளியாக மாறி இழைக்குள் ஓடுகிறது. ஒளி கண்ணாடி இழையில் ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு நொடியை நூறு பங்காக வையுங்கள். ஏறக்குறைய அதில் ஒரு பங்கு நேரம் போதும். சென்னையிலிருந்து செய்தி தீவுக்கு வந்துவிடும். சரக்குக்கு மூன்று நாள். செய்திக்குக் கண் இமைக்கும் நேரம்கூட வேண்டாம்!

"அப்புறம் ஏன் தம்பி தடைபடுது?" என்று அக்கா கேட்டார்.

"கேபிள் ஒரு பகுதிதான் அக்கா. கோபுரத்துல மின்சாரம் போகலாம். வங்கிக் கணினியில கூட்டம் அதிகமா இருக்கலாம். கப்பல் நங்கூரம் பட்டுக் கேபிளே அறுந்தும் போகலாம். சங்கிலியில ஒரு கண்ணி விட்டாலும் செய்தி நின்னுடும்."

அன்று முதல் அக்கா ஒரு நோட்டுப் போட்டார். தேதி, தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் எழுதி வைக்கிறார். அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து இப்போது கடைக்கு உதவுகிறது.

நினைவில் வையுங்கள்

1. பதில் வராவிட்டால் உடனே மறுபடி பணம் அனுப்பாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள்.
2. பணம் கழிந்தும் எதிராளிக்குச் சேரவில்லையா? பரிவர்த்தனை எண்ணுடன் வங்கியில் புகார் கொடுங்கள்.
3. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. கேட்டால் அது ஏமாற்று வேலை.
4. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பயிற்சி

1. அக்கா மறுபடி அனுப்பியிருந்தால் எவ்வளவு பணம் போயிருக்கும்?
2. கேபிளுக்குள் செய்தி எந்த வடிவில் ஓடுகிறது?
3. கடல் கேபிள் ______ ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது.
4. நீங்கள் கடைசியாகப் பணம் அனுப்பிய தேதி, தொகை, பரிவர்த்தனை எண் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.