இலிங்கோத்பவர் சிற்பத்தில் அன்னமும் பன்றியும்: படைப்போனின் எல்லை

முன்னுரை

தொண்டை மண்டலத்துத் திமிரி, கிழக்கே காஞ்சிபுரமும் தெற்கே திருவண்ணாமலையும் சூழ்ந்த நிலப்பகுதியில் அமைந்தது. அடிமுடி தேடிய கதை திருவண்ணாமலையின் தலபுராணத்திற்கு அடிப்படை; அதன் சிற்பவடிவமான இலிங்கோத்பவர், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுப்பித்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் உண்டு. மைக்கேலாஞ்சலோவின் சிஸ்டைன் விதான ஓவியம் (1508–1512) ஆதாமின் படைப்பை ஒரு நிகழ்வாகக் காட்டுகிறது. தமிழகச் சிவாலயச் சுவர்களிலோ மனிதரைப் படைக்கும் செயலைவிடப் படைப்போனாகிய பிரமனே காட்டப்படுகிறான். அவனது அன்னவடிவம் உணர்த்தும் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊர்தியும் உடலும்

அன்னத்தைப் பிரமனின் ஊர்தி எனக் கொள்வது பொதுவழக்கு. இலிங்கோத்பவரில் அது ஊர்தியன்று; பிரமனே அன்னமாகிறான். மனிதருக்கு உடல் வகுப்பவன், முடிகாணும் முயற்சியில் மனித உருவைத் துறந்து பறவையாகிறான். ஆயினும் முடியைக் காணவில்லை. பாலையும் நீரையும் பிரித்தறிவது அன்னம் என்பது மரபு. புராணக் கதையிலோ அன்னமாய்ப் பறந்தவனே தாழம்பூவைப் பொய்ச்சான்றாக்குகிறான்.

பன்றிக்கும் இத்தகைய மாற்றம் நேர்கிறது. மாமல்லபுரம் வராக மண்டபத்தில் (ஏழாம் நூற்றாண்டு) பூமகளை ஏந்தி உயர்த்தும் பன்றி, இங்கு நிலத்தை அகழ்ந்தும் அடி காணாது மீள்கிறது. ஆக, இரு விலங்குகளும் தமக்குரிய ஆற்றலிலேயே தோல்வியுறுகின்றன. சம்பந்தர் பதிகங்கள் பலவற்றின் ஒன்பதாம் பாடல் இக்கருத்தைத் தொடர்ந்து நினைவூட்டுவது, இது சைவ வழிபாட்டில் பெற்ற இடத்தைக் காட்டும்.

வலம்வரும் முறை

சோழர்காலக் கோயில்களில் இலிங்கோத்பவர் பெரும்பாலும் கருவறையின் மேற்குத் தேவகோட்டத்திலும், பிரமன் வடக்குக் கோட்டத்திலும் இடம்பெறுவர். கிழக்கு நோக்கிய கோயிலில் வலம்வருவோர் முதலில் தோற்ற அன்னத்தையும், பின்னரே அமைதியாக நிற்கும் நான்முகனையும் காண்கின்றனர். படைப்போனின் எல்லையை அறிந்த பிறகே அவனை வணங்கும் வகையில் இவ்வரிசை அமைகிறது.

முடிவுரை

இச்சிற்பத்தில் சிவனின் அடியும் முடியும் இலிங்கத்துள் மறைந்திருக்க, அன்னம் மேல்விளிம்பிலும் பன்றி கீழ்விளிம்பிலும் அமைகின்றன. நடுவுருவை மட்டும் படமெடுக்கும் ஆவணப்பதிவில் இவ்விரண்டும் விடுபடும். கவசம் சார்த்திய நிலையிலும் அவை மறையக்கூடும். அவை இன்றேல் தேடலும் இல்லை. எஞ்சுவது சிவனின் தோற்றம் மட்டுமே. மனிதரைப் படைத்தவனும் முதற்பொருள் அல்லன் என்னும் சைவக் கொள்கையைக் கல்லில் தாங்கி நிற்பவை விளிம்பிலுள்ள இவ்விரு சிற்றுருவங்களே.