வீட்டு நோயாளியின் கேள்விக்கும் ஆராய்ச்சிப் பணம் வேண்டும்!

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம் போன்றவை நாலு நாள் தங்கிவிட்டுக் கிளம்பிப் போகிற நோய்கள் அல்ல. மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்ப்பது பத்து நிமிஷம். பாக்கி நேரமெல்லாம் நோயோடு குடித்தனம் நடத்துவது நோயாளியும் அவர் வீட்டாரும்தான். அதனால் அவர்களுக்கு வரும் சந்தேகங்களே தனி.

பட்டுக்கோட்டையில் என்னிடம் வருகிறவர்கள் கேட்பதைச் சொல்கிறேன். "எங்களுக்கு மூணு வேளையும் சோறுதான். எவ்வளவு குறைச்சா போதும்?" "இங்கிலீஷ் மாத்திரையோட ஆவாரைக் குடிநீரும் குடிக்கலாமா?" "கரண்ட் இல்லேன்னா இன்சுலினை எங்கே வைக்கிறது?"

கடைசிக் கேள்வி விளையாட்டல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன.

இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு முறைப்படி விடை தேடுவதைத்தான் நோயாளியை மையமாக வைத்த ஆராய்ச்சி என்கிறோம். புது மருந்து கண்டுபிடிப்பது மட்டும் ஆராய்ச்சி அல்ல. இருக்கிற சிகிச்சைகளில் எது இந்த மனிதருக்கு, இந்த வீட்டில், இந்த வருமானத்தில் சரிப்படும் என்று பார்ப்பதும் ஆராய்ச்சிதான்.

சென்னை காட்டிய வழி

இதற்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1950களில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு. ஆனால் நோயாளிகள் ஏராளம், கட்டில்களோ கொஞ்சம். சம்பாதிக்கிறவர் போய்ப் படுத்துவிட்டால் குடும்பம் என்ன செய்யும்? வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் ஆகாதா?

இந்தக் கேள்வியோடு 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்தன. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், அதே இரண்டு மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்தார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். அந்த மையம்தான் சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

பணம் யார் போடுவது?

இந்த ஆய்வைப் பொதுப் பணம்தான் நடத்தியது. வீட்டில் இருந்தே குணமாகலாம் என்று நிரூபிப்பதில் எந்தக் கம்பெனிக்கு என்ன லாபம்?

என் துறையிலும் இதே கதைதான். ஆவாரைக் குடிநீர் பழைய நூல்களில் உள்ள மருந்து. யாரும் காப்புரிமை வாங்க முடியாது. அதை ஆங்கில மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஆயிரம் பேரிடம் வருஷக்கணக்கில் பார்க்கக் கம்பெனிகள் முன்வரா. அரசுதான் பணம் போட வேண்டும். மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழு போன்ற அமைப்புகள் இருப்பதே இதற்காகத்தான்.

சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 537 ஆண்களை வைத்து நம் தென்னிந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. செல்போனில் உணவு, உடற்பயிற்சி பற்றிக் குறுஞ்செய்தி பெற்றவர்களில் இரண்டு வருஷத்தில் 100-க்கு 18 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது; பெறாதவர்களில் 27 பேருக்கு. எவ்வளவு எளிய வழி, பாருங்கள்! ஆனால் அதற்கான நிதியில் பெரும் பங்கு வெளிநாட்டு உதவியில் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு 2023-ல் வெளியானது. அதன்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். நம் கேள்விக்கு நாமே பணம் ஒதுக்க வேண்டாமா?

அமெரிக்காவில் 2010-ல் சட்டம் போட்டு இதற்கென்றே ஒரு நிறுவனம் அமைத்தார்கள். இன்ஷூரன்ஸ் திட்டங்களிடம் வசூலிக்கும் கட்டணமும் அதற்குப் போகிறது. எந்த ஆய்வுக்குப் பணம் தரலாம் என்று பரிசீலிக்கும் குழுவில் நோயாளிகளும் உட்காருகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* ஒரு நோட்டுப் போட்டு சர்க்கரை அளவு, சாப்பாடு, மருந்து, உடம்பில் தெரியும் மாற்றம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

* இரண்டு வைத்திய முறைகளின் மருந்தும் சாப்பிட்டால் இரண்டு டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை கலந்த தண்ணீர் குடித்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* ஆய்வில் சேரும்படி கேட்டால் பயப்படாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தும் போடாதீர்கள். சம்மதக் கடிதத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படியுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

* உங்கள் சந்தேகத்துக்கு டாக்டரிடம் தெளிவான பதில் இல்லையென்றால், "இதை யாராவது ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா?" என்று கேளுங்கள். பலர் கேட்டால்தான் அந்தக் கேள்வி ஆராய்ச்சிக் கூடம் வரை போகும். அங்கே செலவாகும் அரசுப் பணம் உங்கள் வரிப்பணம். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.