செயலி தெரிதலும் துணைவலியும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் வரையும் கட்டுரை எனின், சங்கச் செய்யுளோ இலக்கண நுட்பமோ பொருளாக அமைதல் வழக்கம். இம்முறை அவ்வழக்கினின்றும் சிறிது விலகி, கைக்குள் அடங்கும் விளையாட்டுக் கணினி ஒன்றிற்குச் செயலி தெரியும் முறையினை ஆராயப் புகுந்தோம். அதற்குக் காரணம் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திற் பயிலும் நம் பழைய மாணவர் சிலர், தாமே கூடி அத்தகைய கருவி ஒன்றைச் செய்ய எண்ணியுள்ளனர். அதற்கு எச்செயலி தகும் என்னும் வழக்கு அவர்களிடையே முடிவின்றி நடைபெறுகின்றது. வேகத்தை முன்வைப்பார் சிலர். விலையை முன்வைப்பார் சிலர். வேண்டும் பொருளையோ பிறரிடம் முற்பணமாகப் பெறக் கருதுகின்றனர். பிறர் பணத்தை வாங்கிய பின் பிழைபடத் தெரிந்தால் நேரும் பழி சிறிதன்று. பொறியியல் எமது துறையன்று. ஆயினும் தெரிதல் என்பது எமது துறையில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் பொருளாகும்.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்றலை மாணவர் அறிவர். அவற்றுள் வலியறிதல், செய்யப்புகும் வினையின் வலிமை, செய்வோனது வலிமை, எதிர் நிற்போனது வலிமை, துணையாவாரது வலிமை என நான்கனையும் எடைபோடுமாறு பணிக்கும். துணைவலி கூற்று முறையில் இறுதியில் நிற்பினும், செயலி தெரியுமிடத்து அதுவே தலைமை பெறும் என்பது எமது துணிபு. அதனை மெய்யாக நிகழ்ந்தவற்றைக் கொண்டே காட்டுவோம்.

செயலி யாதெனின், கணினிக்கு இடப்படும் கட்டளைகளை ஏற்று நிறைவேற்றும் சில்லு என்க. இக்காலத்துச் சில்லு ஒன்றனுள் கணக்கிடும் மையம் மட்டுமன்றிப் படம் வரையும் பகுதி, ஒலிப் பகுதி, நினைவகத்தையும் திரையையும் ஆளும் பகுதிகள் ஆகியனவும் ஒருங்கே அமைந்திருக்கும். ஆதலின் செயலியைத் தெரிந்தவன் கருவியின் பெரும்பகுதியைத் தெரிந்தவனாவான். பின்னர் அதனை மாற்றல் எளிதன்று. மாற்றின், சுற்றுப் பலகையும் மென்பொருளும் உடன் மாறவேண்டும்.

நமக்கு அண்மையில் நிகழ்ந்ததொன்றை முதற்கண் நோக்குவோம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகியோரும் என்கோர் என்னும் மென்பொருட் கம்பனியினரும் கூடி, எழுத்தறியாக் கிராமத்தவரும் பயன்கொள்ளத்தக்க கைக்கணினி ஒன்றைப் படைக்க 1998இல் முற்பட்டனர். அதுவே சிம்பியூட்டர். அதன் அமைப்பு வரைபடங்கள் எவரும் பெறத்தக்க பொது உரிமத்தின்கீழ் வைக்கப்பட்டமையும், இந்திய மொழி எழுத்தினை அது வாய்விட்டு வாசித்தமையும் அதன் சிறப்புகள். 2001 ஏப்ரலில் முதன்மாதிரி காட்டப்பட்டது. 2004இல் 'அமிடா' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தபொழுது, கருவியின் அசைவினை உணரும் உறுப்பும் அதனுள் இருந்தது. கைத்தொலைபேசியைச் சாய்த்து ஆடும் இற்றை நாட் சிறுவர், அத்திறம் பெங்களூரில் அவ்வளவு முன்னரே கைக்கருவியில் அமைந்தமையை அறியார்.

சிம்பியூட்டருக்குத் தெரியப்பட்ட செயலி இன்டெல் கம்பனியின் 'ஸ்ட்ரோங்ஆம்' எஸ்ஏ-1110 என்பது. வேகம் 206 மெகாஹேர்ட்ஸ். தசமக் கணக்கினை விரைந்து செய்யும் பகுதி அதனுள் இல்லை. ஆயினும் தெரிவு தக்கதே. மின்சாரம் அரிதாகிய கிராமத்திற்கு ஏற்றவாறு அது சிறிதளவு மின்னையே உண்டது. அதனினும் மேலாக, கொம்பாக் கம்பனி 2000இல் வெளியிட்ட 'ஐபாக்' என்னும் கைக்கணினியிலும் இச்சில்லே இருந்தது. அதன்மீது லினக்ஸினை இயக்கும் முயற்சியிற் பல நாட்டாரும் ஈடுபட்டிருந்தனர். ஒருவர் கண்ட வழி மற்றவர்க்கும் உதவிற்று. துணைவலி என்பது இதுவே.

ஆனால் துணை நிலைத்து நிற்கவில்லை. டிஜிற்றல் என்னும் வேறொரு கம்பனியிற் பிறந்து, வழக்கொன்றின் தீர்வினால் இன்டெல்லிடம் வந்த குலத்தது அச்சில்லு. 2002இல் இன்டெல் அதன் வழித்தோன்றலாகிய 'எக்ஸ்ஸ்கேல்' வகையை முன்னிறுத்திற்று. 2006இல் அதனையும் மார்வெல் கம்பனிக்கு விற்றுவிட்டது. முதன்மாதிரிக்கும் விற்பனைக்கும் இடைப்பட்ட மூவாண்டிற் செயலி பழையதாயிற்று. 50,000 கருவிகள் விற்குமென எதிர்பார்த்தவிடத்து 2005 வரை ஏறக்குறைய 4,000 கருவிகளே விற்றன. செயலி ஒன்றே அதற்குக் காரணமென்று சொல்லோம். விலை இறங்கிய கைத்தொலைபேசி ஊரெங்கும் பரவியமை பெருங்காரணம். எனினும் காலமறிதல் என்னும் அதிகாரத்திற்கு இதனினும் தெளிவான உரை வேண்டுவதில்லை.

இனி விளையாட்டே நோக்கமாயின் வினையின் வலி வேறுபடும். இத்தகைய கருவியை நாடுவோர் பெரும்பாலும் விரும்புவன பழைய விளையாட்டுக்களே. அவை பழைய கருவியின் செயலிக்கென எழுதப்பட்டவை. புதிய செயலியின் மொழி வேறு. இடையே நின்று கட்டளைக்குக் கட்டளை பெயர்த்துச் சொல்லும் மென்பொருளை எமுலேற்றர் என்பர். மேடைப் பேச்சினை உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர் படும் பாட்டினை நாம் அறிவோம்: பேச்சாளர் ஒரு சொல் சொல்ல, பெயர்ப்பவர்க்குச் சில வேளை மூன்று சொல் வேண்டியிருக்கும், ஆயினும் பேச்சு நிற்றல் கூடாது. எமுலேற்றரின் நிலையும் அதுவே. பழைய செயலியின் ஒரு கட்டளைக்காகப் புதியது பல கட்டளைகளைச் செய்யும். ஆதலிற் பழையதனிலும் பன்மடங்கு வேகம் இன்றியமையாதது.

வேகத்தை எண்ணால் மட்டும் அளத்தல் தகாது என்பதற்குத் தென் கொரியாவிற் பிறந்த ஜிபி2எக்ஸ் என்னும் கருவி சான்று. 2005 நவம்பரில் வெளிவந்த அதன் சில்லினுள் 200 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள மையங்கள் இரண்டு இருந்தன. இரண்டனையும் கூட்டி நானூறு என மகிழ்ந்தோர் பலர். ஆனால் இரண்டாம் மையத்தில் நினைவகத்தைப் பகுத்தாளும் உறுப்பு இல்லை. அதனால் லினக்ஸ் முதல் மையத்திலேயே ஓடிற்று. மற்றையதனை வேலை வாங்க விரும்பியவர் தனியே நிரல் எழுதி வருந்தினர். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு மட்டும் நுகத்திற் பூட்டப்பட்ட கதை எனலாம்.

அக்கருவியைப் பயன்படுத்தி அதன் குறைகளை நன்கறிந்தவர்களே, 2007 அளவில், தாம் விரும்பும் கருவியைத் தாமே செய்வதெனத் துணிந்தனர். இங்கிலாந்து, ஜேர்மனி முதலிய நாடுகளிற் சிதறி வாழ்ந்த சிலர் அவர்; பெருங் கம்பனி எதுவும் பின்னால் இல்லை. கருவிக்குப் பண்டோரா எனப் பெயரிட்டனர். கிரேக்கர் கதையில் எல்லாத் துன்பமும் வெளிப்பட்ட பேழை பண்டோராவினுடையது. பெயர் சூட்டுமுன் சற்றுச் சிந்தித்திருக்கலாம் என்று தோன்றும். 2008 செப்டம்பர் 30இல் முற்பணம் ஏற்கத் தொடங்கினர். விலை 330 டொலரளவு. முதற் தொகுதி 4,000 கருவிகள். அனுப்பத் தொடங்கியது 2010 மே மாதத்தில். முன்பணம் கட்டியோருட் சிலர் அதன் பின்னும் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர்.

அவர்கள் தெரிந்த செயலி டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் கம்பனியின் ஓமாப் 3530. அதனுள் ஏஆர்எம் கோர்ட்டெக்ஸ்-ஏ8 என்னும் மையம் 600 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயங்கும். ஈண்டுத் தன்வலி அறிதலின் நுட்பம் ஒன்றுண்டு. மாணவர் இதனை ஊன்றி நோக்குக. ஏறக்குறைய இதே சில்லு ஓமாப் 3430 என்னும் பெயரிலும் இருந்தது. நோக்கியாவின் என்900 கைத்தொலைபேசியில் அதுவே அமைந்தது. ஆனால் 3430 பெருந்தொகையாக வாங்கும் தொலைபேசிக் கம்பனிகளுக்கே உரியது. நாலாயிரம் வேண்டுமென்று கேட்போர்க்கு அவ்வாயில் திறவாது. 3530 அவ்வாறன்று. அதனை விநியோகத்தரிடம் சிறு தொகையாகவும் வாங்கலாம்; ஆயிரக்கணக்கான பக்கமுடைய விளக்கநூலையும் எவரும் பெற்றுப் படிக்கலாம். திறன் ஒன்றாயினும், ஒன்று நமக்கு எட்டும்; மற்றையது எட்டாது. கடையில் இல்லாப் பொருளின் சிறப்பைப் பேசிப் பயன் யாது?

எட்டும் சில்லாயினும் கையாற் பற்றவைக்கத்தக்கது எனக் கருதற்க. 12 மில்லிமீற்றர்ச் சதுரத்தின் அடியில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஈயக்குமிழ்கள், 0.4 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கும். அதன் முதுகின்மேல் நினைவகச் சில்லு ஏறியிருக்கும். இவ்வேலைக்குரிய பலகையும் பொறியும் எங்குக் கிடைக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதும் செயலியின் விலையோடு சேர்த்து எண்ணத்தக்கது.

எதிர் நிற்போர் வலியைப் பற்றி நீள உரைப்பதற்கில்லை. சோனி, நின்ரெண்டோ ஆகிய கம்பனிகளோடு வேகத்திலோ விலையிலோ போட்டியிட எச்சிறு குழுவாலும் இயலாது. பண்டோராவார் அதனை முயலவுமில்லை.

துணைவலிக்கு வருவோம். பண்டோரா உருவாகிய அதே 2008இல், அதே 3530ஐக் கொண்ட 'பீகிள்போர்டு' என்னும் பயிற்சிப் பலகை 149 டொலருக்கு வெளிவந்தது. உலகெங்கும் மாணவரும் பொறியியலாளரும் அதனை வாங்கி லினக்ஸினைத் திருத்தினர். அவர் உழைப்பெல்லாம் பண்டோராவையும் வந்தடைந்தது. பின்னர் 1 கிகாஹேர்ட்ஸ் வேகமுடைய பண்டோரா வெளிவந்தபோது, அதே குலத்துச் சில்லே அதிலும் அமைந்தமையால், முன்னைய மென்பொருள் வீணாகவில்லை.

இங்கு விளக்கநூல் படித்தார் பெற்ற பயன் ஒன்றைக் கூறவேண்டும். கோர்ட்டெக்ஸ்-ஏ8இன் வழமையான தசமக் கணக்குப் பகுதி மிக மந்தமானது. ஆனால் நியோன் எனப்படும் வேறொரு பகுதி, பல எண்களை ஒருங்கே எடுத்து விரைந்து கணக்கிடும். இதனை அறியாது எழுதப்பட்ட நிரல் தவழ்ந்தது. அறிந்து எழுதப்பட்டது ஓடிற்று. அவ்வாறு பண்டோராவுக்கென நுணுகி ஆக்கப்பட்டது பிசிஎஸ்எக்ஸ் ரீஆம்ட் என்னும் எமுலேற்றர். சோனியின் முதலாம் பிளேஸ்டேஷனுக்குரிய விளையாட்டுக்களை அது நடத்தும். பின்னர் 2018இல் சோனி கம்பனியே பிளேஸ்டேஷன் கிளாசிக் என்னும் கருவியை வெளியிட்டபொழுது, அதனுள் வைத்தது இவ்வெமுலேற்றரையே. சிறியோர் தமக்கெனச் செய்ததனைப் பெரியோர் எடுத்தாண்டமை இது.

துணை குறைந்தவிடமும் உண்டு. 3530இன் படம் வரையும் பகுதி பவர்விஆர் வகையது. அதன் இயக்கிக்கு மூலநிரல் வெளியிடப்படவில்லை. லினக்ஸின் பதிப்பு உயர உயர அவ்வியக்கி பின்தங்கிற்று; உரியவர் திருத்தித் தராவிடின் வேறெவராலும் திருத்த இயலாது. விளக்கநூல் ஆயிரம் பக்கம் தந்தோர் ஓரறையை மட்டும் பூட்டிவைத்தமை போலும் இது.

பண்டோராவின் வழித்தோன்றல் பைரா. அதற்கு 1.5 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் இரண்டு கோர்ட்டெக்ஸ்-ஏ15 மையங்களையுடைய ஓமாப் 5432 தெரியப்பட்டது. ஆனால் 2012 நவம்பரிலேயே டெக்சாஸ் கம்பனி கைத்தொலைபேசிச் சில்லுத் துறையினின்றும் பின்வாங்கி, 1,700 பேரை வேலையினின்றும் நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. பைராவுக்கு 2016இல் முற்பணம் ஏற்கப்பட்டு, 2020இலேயே கருவிகள் செல்லத் தொடங்கின. அதற்குள் அச்சில்லு மூத்துவிட்டது. ஆயினும் பைராவார் முன்னைப் பட்டறிவால் ஒன்று செய்திருந்தனர்: செயலியைத் தனிப் பலகையில் அமைத்து, பிற்காலத்தில் அதனை மட்டும் மாற்ற இடம் வைத்தனர்.

இதற்கு மறுதலையாக நிற்பது ராஸ்பெரி பை. 2012 பெப்ரவரியில் வெளிவந்த அதன் மையம் ஏஆர்எம்11; பண்டோராவினதிலும் ஒரு தலைமுறை பழையது. ஆயினும் விலை மலிவாலும் பயன்படுத்துவார் தொகையாலும் அதற்கு எழுதப்பட்ட மென்பொருள் பெருகிற்று. 2014இல் பிரோட்கொம் கம்பனி அதன் படப் பகுதிக்குரிய விளக்கநூலையும் வெளியிட்டது.

கட்டளைமொழியே பொதுவுடைமையாகிய ரிஸ்க்-ஃபைவ் செயலிகள் இன்று வந்துள்ளன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியர் காமகோடி குழுவினர் 'சக்தி' என்னும் செயலிகளை அம்மொழியிலேயே படைத்தனர். 2018இல் ஒன்று இன்டெல்லின் 22 நனோமீற்றர் முறையிலும், ஒன்று சண்டிகார் ஆலையின் 180 நனோமீற்றர் முறையிலும் வார்க்கப்பட்டன. மொழி திறந்திருப்பினும், படம் வரையும் பகுதி திறந்துளதா எனத் தனியே வினவுதல் வேண்டும்.

பேராதனை மாணவர் தம் பட்டியலில் இப்பொழுது ஆறு சில்லுகளை வைத்துள்ளனர். கடந்த விடுமுறையில் அவர்கள் கல்லூரிக்கு வந்திருந்தபொழுது, ஒவ்வொன்றிற்கும் முழு விளக்கநூல் கிடைக்குமா, பிழைத்திருத்தப் பட்டியல் வெளியிடப்பட்டுளதா, ஐந்நூறு சில்லு கேட்பார்க்கும் விற்பரா, இன்னும் எத்துணை ஆண்டு செய்வதாக எழுத்திற் கூறியுள்ளனர் என்பவற்றை எழுதிவருமாறு பணித்தோம். வேகத்தால் முதலிரண்டு இடத்தில் நின்றவற்றிற்கு விளக்கநூலே கிடைக்கவில்லை. அவற்றை நீக்கிய பின்னரே எஞ்சிய நான்கின் விலையைக் கேட்டெழுதுவதாகச் சொல்லிச் சென்றுள்ளனர்.