துண்டுபட்ட மரபணுவும் உட்கருவின் பிறப்பும்

உயிரணுவுக்கு உட்கரு எதற்கு? மரபணுக்களைப் பாதுகாக்கவே என்பது நாம் மனனம் செய்த விடை. ஆனால், பாக்டீரியாக்கள் உட்கருவே இல்லாமல் 300 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகின்றனவே! அந்த விடை போதாது என்பது என் கருத்து. மரபணுவின் அமைப்பிலேயே வேறொரு விடை இருக்கிறது. அதைக் காண்போம்.

பாக்டீரியாவின் மரபணு பெரும்பாலும் இடைவெளியின்றி எழுதப்பட்ட வாக்கியம் போன்றது. நம் மரபணு அப்படியன்று. அது துண்டு துண்டாக இருக்கலாம் என்பதை 1977-இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இறுதிப் படியில் நிலைக்கும் துண்டுகள் எக்சான்கள். இடையே புகுந்து, பின் வெட்டி நீக்கப்படுபவை இன்ட்ரான்கள். தசைகளுக்குத் தேவையான டிஸ்ட்ரோபின் புரதத்தின் மரபணுவில் சுமார் 22 இலட்சம் எழுத்துகள் உள்ளன. அதன் 79 எக்சான்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 14,000 எழுத்துகளே தேறும். வெட்டுவதில் பிழை நேர்ந்தால் தசைச்சிதைவு நோய்கூட உண்டாகலாம்.

இன்ட்ரான்கள் எங்கிருந்து வந்தன? மைட்டோகாண்டிரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா என்று 1967-இல் லின் மார்குலிஸ் வாதிட்டார். பின்னாளைய மரபணு ஒப்பீடுகள் அதை உறுதிப்படுத்தின. அதற்கு இடங்கொடுத்தது, ஆர்க்கியா எனும் வேறு குலத்து நுண்ணுயிர். குடிவந்த பாக்டீரியா, இடம் தாவும் இன்ட்ரான்களையும் உடன் கொண்டுவந்தது என்பது 2006-இல் வில்லியம் மார்ட்டினும் யூஜின் கூனினும் முன்வைத்த கருதுகோள்.

இங்குதான் சிக்கல் எழுந்தது. பாக்டீரியாவில் மரபணுவின் படி எழுதி முடிவதற்குள்ளேயே ரைபோசோம் அதை வாசித்துப் புரதம் செய்யத் தொடங்கிவிடும். இன்ட்ரானை வெட்டுவதோ மெதுவான வேலை. வெட்டி முடியாத படியை வாசித்தால் பயனற்ற புரதமே உருவாகும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் அச்சேறினால் என்னவாகும் என்பதை நம் இதழ்க் குழுவினர் நன்கறிவர்! ஆகவே, வெட்டும் இடத்தையும் வாசிக்கும் இடத்தையும் பிரிக்க ஒரு சுவர் தேவைப்பட்டது. அச்சுவரே உட்கரு உறை என்கின்றனர் அவ்விருவரும்.

இதை எல்லா அறிஞர்களும் ஏற்றுவிடவில்லை. எனினும், நம் மூதாதைக்கு நெருங்கிய ஆர்க்கியா ஒன்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் கடலடிச் சேற்றிலிருந்து வளர்த்து, 2020-இல் விவரித்தபோது, அதனுள் உட்கரு தென்படவில்லை. சுவர் பின்னர்தான் எழுந்தது என்ற எண்ணத்திற்கு இது இடம் தருகிறது.

ஓர் உறுப்பு இன்று செய்யும் வேலையே அது தோன்றியதற்கான காரணமாகிவிடாது. உட்கரு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே எனலாம்.