மூன்று நாள் பொறு, கயல்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை உன் சித்தியும் நானும் பார்த்தோம். 14 வயதுப் பூனை செவலை, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்து, சுவரோரம் சரிந்து விழுவதைக் கண்டதும் சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “வயசாயிடுச்சு, படுத்தாம ஊசி போட்டுடுங்க” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாமே. அவர்கள் இரக்கத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த முடிவை இப்போது எடுக்காதே. கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படித் தலை சாய்ந்து தள்ளாடும் நோயில் முதல் நாள் பார்ப்பதை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது.

வீடியோவில் அதன் கண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கருவிழி மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து, வெடுக்கென்று மறுபக்கம் வருகிறது. இடவலமாகத்தான் ஆடுகிறது, மேலும் கீழுமாக இல்லை. நீ பெயர் சொன்னதும் காதைத் திருப்புகிறது. இரண்டும் நல்ல அடையாளம். உடம்பின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்காதில் இருக்கிறது. அங்கே கோளாறு வந்தால், ராட்டினத்திலிருந்து இறங்கியவனுக்குத் தரை நிற்காததுபோல் பூனைக்கு எல்லாம் சுழலும். காரணம் பிடிபடாமலே திடீரென வரும் வகை ஒன்று உண்டு. அதில் முதல் இரண்டு மூன்று நாள்தான் கொடுமை. பிறகு தணிந்து, இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் பழையபடி நடமாடும். சிலவற்றுக்குத் தலைச்சாய்வு அப்படியே தங்கிவிடும். அதோடு நன்றாகவே வாழும்.

ஆனால் மற்ற காரணங்களைப் பார்த்து ஒதுக்கிய பிறகுதான் அந்த வகை என்று சொல்ல முடியும். நீ சென்னையில் இருக்கிறாய், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அந்த வீடியோவை மருத்துவரிடம் காட்டு. காதுக்குள் சீழோ சதை வளர்ச்சியோ இருக்கிறதா என்று பார்ப்பார். ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி நீயே கேள். முன்காலிலோ வாலிலோ சின்னப் பட்டை சுற்றிப் பார்க்கிற வேலைதான். வயதான பூனைகளுக்குச் சிறுநீரகக் கோளாறாலும் தைராய்டு அதிகமாவதாலும் அழுத்தம் ஏறும். 180-ஐத் தாண்டினால் மூளையையும் கண்ணையும் பதம் பார்க்கும். மாத்திரையில் அடங்கக்கூடிய இந்த நோயைக் கவனிக்காமல் விட்டுவிடுவது பெரிய கொடுமை. சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடு.

ஒன்று கேட்கிறேன். மீன்காரம்மாவிடம் வாங்கும் மத்தியைப் பச்சையாகவே போடுகிறாயா? பச்சை மத்தியில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. அதையே தின்றுகொண்டிருந்தால் தள்ளாட்டம் வரும், கண்மணி விரிந்துபோகும், வலிப்பும் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பி1 ஊசியில் தேறிவிடும். இனி வேகவைத்தே போடு. நாய்க்குப் போடும் உண்ணி மருந்து எதையாவது அதன் முதுகில் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல். பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு விஷம், உடம்பு நடுங்கி வலிப்பில் கொண்டுபோய்விடும்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதே. நம் தலைசுற்றல் மாத்திரையைக் கொடுக்காதே. பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கட்டில், மாடிப்படிப் பக்கம் விடாமல் ஒரு சின்ன அறையில் வை. தரையில் பழைய போர்வையை விரி, வழுக்காது. துண்டைச் சுருட்டி இரண்டு பக்கமும் முட்டுக் கொடு. ராத்திரி சின்ன விளக்கு எரியட்டும், கண்ணால் பார்த்துத்தான் அது நிலையைப் பிடித்துக்கொள்கிறது. தூக்கும்போது அந்தரத்தில் தொங்கவிடாமல், நாலு காலும் உன் கைமேல் படும்படி நெஞ்சோடு அணைத்துத் தூக்கு. மண் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். குமட்டலால் சாப்பிட மறுக்கும். மீனை மசித்து, வெதுவெதுப்பாக, விரல் நுனியில் எடுத்து மூக்கருகே காட்டு. இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே பூனைக்கு ஈரலில் கொழுப்பு படிய ஆரம்பித்துவிடும். அதனால் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் குமட்டலுக்கு மருந்து கேள்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். கண் மேலும் கீழுமாக ஆடினாலோ, கூப்பிட்டும் மயக்கமாகவே கிடந்தாலோ, கால் வலுவிழந்தாலோ கோளாறு மூளையில் இருக்கலாம். பக்கவாதமாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். வலிப்பு 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடு. எல்லாம் பார்த்து, இனி முடியாது என்று மருத்துவர் சொன்னால் பக்கத்து வீட்டார் சொன்ன ஊசியைப் பற்றி அப்போது பேசலாம், நானே கிளம்பி வருகிறேன். செவலை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

இதைப் படித்ததும் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் புறப்படு. ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எனக்குப் போன் செய்.

அன்புடன்,
சித்தப்பா