கொட்டும் கையும் பாடும் வாயும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

இன்றைய விஞ்ஞான உலகில் மைக் இல்லாத விழா இல்லை. காதுகுத்து முதல் கல்யாணம் வரை, கோயில் திருவிழா முதல் தேர்தல் கூட்டம் வரை எங்கும் மைக்தான். நம் பள்ளியிலும் காலை ஜெபம் தொடங்கி மாலை தேசிய கீதம் வரை எல்லாம் அதன் முன்னால்தான் நடக்கின்றன. ஆனால் மைக்கின் முன் நின்று பேசுவது வேறு. டிரம்ஸ் வாத்தியங்களின் நடுவே உட்கார்ந்து, இரு கைகளாலும் இரு கால்களாலும் தாளம் போட்டுக்கொண்டே பாடுவது வேறு. பின்னதற்கு மைக்கை எப்படி வைக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சென்ற டிசம்பரில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எங்கள் பாடகர் குழு தயாராகிக்கொண்டிருந்தது. டிரம்ஸ் வாசித்து வந்த அக்கா படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அவரிடம் இரண்டு வருடம் கற்றுக்கொண்டவள் நான் ஒருத்திதான். தனிக்குரல் பாட வேண்டியவளும் நானே. ஆகவே இரண்டையும் நானே செய்வது என்று முடிவாயிற்று. முதல் ஒத்திகையில் ஒரு பாடலை முடித்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தேன். மண்டபத்தின் கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்த சிஸ்டர், “உன் வாய் அசைவது தெரிகிறது அம்மா, பாட்டுத்தான் வரவில்லை” என்றார்கள்.

ஒலிபெருக்கி அமைக்க வந்த அண்ணன் உடனே சத்தத்தை ஏற்றினார். பாட்டு ஏறியது, அதைவிட அதிகமாக சிம்பல் ஏறியது. இன்னும் ஏற்றினார். மண்டபமே ஊளையிட்டது. சிறு வகுப்புப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். “பாப்பா, ஒண்ணு அடி, இல்லேன்னா பாடு. ரெண்டும் சேர்ந்து இந்த மைக்குல வராது” என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விழாவுக்கு எட்டு நாட்களே இருந்தன. சிஸ்டர் என்னைப் பார்த்து, “ஒலியியல் பாடம் படிக்கிறாயே, எதற்குப் படிக்கிறாய்?” என்று கேட்டார்கள். அன்று மாலையே புத்தகத்தை எடுத்தேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒலி பரவும்போது அதன் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. என் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் அன்று சுமார் 20 செ.மீ. இருந்தது. அதை 5 செ.மீ. ஆக்கினால் தூரம் நான்கில் ஒரு பங்கு; ஆகவே மைக்கை அடையும் என் குரலின் செறிவு ஏறக்குறைய 16 மடங்கு. டெசிபலில் சொன்னால் 12 டெசிபல் கூடுதல். ஆனால் ஸ்நேர் டிரம் எங்கே இருக்கிறது? மைக்கிலிருந்து சுமார் 60 செ.மீ. தூரத்தில், இருந்த இடத்திலேயே இருக்கிறது. மைக்கை என் பக்கம் 15 செ.மீ. நகர்த்தியதால் அதன் சத்தம் கூடவில்லை. ஆக, ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினால் குரலும் கொட்டும் சேர்ந்தே ஏறும். தூரத்தைக் குறைத்தால் குரல் மட்டும் ஏறும். இந்த ஓர் உண்மை பிடிபட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. 5 செ.மீ. என்பது மூன்று விரல் அகலம். அளவுகோல் தேவையில்லை.

அடுத்தது, எந்த மைக்? எங்களுக்கு முதலில் கொடுத்தது பேச்சு மேடையில் வைக்கும் நீண்ட கழுத்துடைய மைக். அது கண்டென்சர் வகை. மிக மெல்லிய தகடு ஒன்று மின்தேக்கியின் ஒரு பக்கமாக இருந்து அதிரும். அது வேலை செய்ய மிக்ஸரிலிருந்து மின்னழுத்தம் தர வேண்டும், வழக்கமாக 48 வோல்ட். எட்டி நின்று பேசுபவரின் குரலையும் அது நுட்பமாக வாங்கிவிடும். பேச்சாளருக்கு அது நல்ல குணம். டிரம்ஸ் நடுவில் அதுவே கெட்ட குணம். சிம்பலின் கடைசி சிலிர்ப்பு வரைக்கும் பிடித்துக் கொடுத்துவிடுகிறது.

நமக்கு வேண்டியது டைனமிக் வகை. அதில் ஒரு சவ்வு. சவ்வின் பின்னால் கம்பிச் சுருள். சுருளைச் சுற்றிக் காந்தம். ஒலி பட்டுச் சவ்வு அசைந்தால் காந்தப்புலத்தில் சுருள் அசைகிறது, மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. ஒலிபெருக்கியைத் திருப்பிப் போட்டது போல என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வகையில் மேடைகளில் மிகுதியாகக் காணப்படும் ஷூர் எஸ்.எம். 58 என்ற மைக் 1966-ல் வெளிவந்தது. உருண்டையான வலைத் தலையுடன் ஐஸ்கிரீம் கூம்பு போல இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துகொள்வீர்கள்.

இவ்வகைப் பாட்டு மைக்குகள் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி கேட்பதில்லை. முன்புறம் முழுமையாகக் கேட்கும். பக்கவாட்டில் பாதி அழுத்தமாகக் கேட்கும். நேர் பின்புறம் மிகவும் குறைவாகக் கேட்கும். இதை வரைபடமாக வரைந்தால் இருதய வடிவம் வருகிறது. (திரு இருதயப் படம் இல்லாத சுவர் நம் பள்ளியில் உண்டா? அதனால் இந்த வடிவத்தை நான் மறக்கவே இல்லை.) இருதயத்தின் பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே மைக் செவிடு. அந்தச் செவிட்டுப் பக்கத்தை, நமக்கு வேண்டாத சத்தத்தை நோக்கித் திருப்பி வைப்பதுதான் வித்தை. இன்னும் குறுகலாகக் கேட்கும் வகை ஒன்று உண்டு. அதன் செவிட்டு இடம் நேர் பின்னால் இல்லை; இரு பக்கங்களிலும் பின்னோக்கிச் சரிந்து, சுமார் 125 பாகையில் இருக்கிறது. எனவே கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் திருப்பக் கூடாது.

மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடுவது இப்போது சில பையன்களிடம் ஒரு நாகரிகமாக இருக்கிறது. அப்படிப் பொத்தினால் பின்புறத் துவாரங்கள் அடைபட்டு, இருதயம் கெட்டுப்போய் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். டிரம்ஸ் வாசிப்பவளுக்கு அதற்குக் கை ஏது!

இனி வைக்கும் முறை. முதலில் உட்காரும் ஸ்டூலின் உயரத்தைச் சரி செய்ய வேண்டும், பிறகு டிரம்ஸ், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மைக். நாங்கள் தலைகீழாகச் செய்து இரண்டு மாலைகளை வீணாக்கினோம். நேராக நிற்கும் ஸ்டாண்ட் உதவாது. குறுக்கே நீளும் கை உள்ள ஸ்டாண்ட் வேண்டும். நான் வலது கைப் பழக்கம் உள்ளவள். எனக்கு இடப்புறம் ஹை-ஹாட் இருக்கிறது. அதற்கு வெளியே ஸ்டாண்டை நிறுத்தி, கையை ஹை-ஹாட்டுக்கு மேலாக நீட்டி, மைக் என் வாய்க்கு எதிரே, சற்று இடப்பக்கம் சாய்வாக வரும்படி வைத்தோம். இதனால் மைக்கின் முதுகு ஹை-ஹாட்டையும் சிம்பலையும் பார்க்கிறது. என் குச்சிகள் வீசும் வழியிலும் எதுவும் இல்லை. ஸ்டாண்டின் கால்கள் பாஸ் டிரம்மின் அதிர்வைப் பலகை மேடை வழியாக வாங்கி ‘தும் தும்’ என்று மைக்குக்குக் கொடுத்தன. அடியில் ரப்பர் மிதியடி போட்டோம், பெருமளவு குறைந்தது. ஒயரைக் கால் மிதியிலிருந்து விலக்கி ஸ்டாண்டோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்.

வாயை மைக்குக்குக் கொண்டுபோகக் கூடாது. மைக்கைத்தான் வாய்க்குக் கொண்டுவர வேண்டும். கழுத்தை நீட்டிப் பாடினால் மூச்சு முட்டும், தாளமும் தள்ளாடும். கண்ணாடி ஒன்றை எதிரில் வைத்து, மைக் இல்லாமல் நான் பாடும்போது தலை எங்கே நிற்கிறது என்று என் தோழி பார்த்துச் சொன்னாள். அந்த இடத்தில்தான் மைக் நின்றது.

யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு விஷயம் உண்டு. மைக் என்னைப் பார்க்கிறது. எனக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதையும் பார்க்கிறது. எனக்குப் பின்னால் இருந்தது வெறும் சிமெண்ட் சுவர். சிம்பலின் ஒலி அதில் மோதித் திரும்பி, என் காதோரமாக வந்து, மைக்கின் கேட்கும் பக்கத்தில் நுழைந்துகொண்டிருந்தது. முதுகைத் திருப்பிய மைக்குக்கு முகத்தின் வழியாக விருந்தாளி! சிஸ்டரிடம் அனுமதி பெற்று, நாடகக் குழுவின் தடித்த சிவப்புத் திரையை மடிப்பு மடிப்பாக என் பின்னால் தொங்கவிட்டோம். சிம்பலின் கரகரப்பு உடனே அடங்கியது. எட்டு நாட்களில் நாங்கள் செய்ததில் மிகச் சிறந்த வேலை அதுதான் என்பது என் கருத்து. செலவும் இல்லை.

ஊளைச் சத்தத்துக்குக் காரணம், ஒலிபெருக்கியில் வெளிவரும் ஒலி மீண்டும் மைக்கில் புகுந்து சுற்றிச் சுற்றிப் பெருகுவது. என் பாட்டு எனக்கே கேட்க வைத்திருந்த சிறிய பெட்டி பக்கத்தில் இருந்தது. அதை மைக்கின் முதுகுக்கு நேரே நகர்த்தியதும் ஊளை நின்றது.

மைக்கை இவ்வளவு நெருக்கினால் இரண்டு புதிய தொல்லைகள் வரும். ஒன்று, குரலில் கனமான கீழ்ச்சுரம் கூடுவது. திசை பார்த்துக் கேட்கும் மைக்குகளின் இயல்பு அது. மிக்ஸரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கனமும் குறையும், பாஸ் டிரம்மின் முழக்கமும் குறையும். பெண்குரலின் தாழ்ந்த சுரங்கள் பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்கு மேலேயே இருப்பதால் நமக்கு நஷ்டம் இல்லை. மற்றொன்று, ‘ப’ என்று தொடங்கும் சொற்களில் மூச்சு மோதி ‘பட்’ என்று வெடிப்பது. ‘பாலன்’ என்று தமிழில் பாடும்போது அவ்வளவாக இல்லை. ஆங்கிலப் பாடல்களில் ‘பீஸ்’ என்று வரும்போது வெடித்தது. ஆங்கிலத்தில் அந்த எழுத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்கிறோம் அல்லவா? மைக்கைச் சற்றுச் சாய்வாக வைத்ததோடு, பஞ்சு உறை ஒன்றும் மாட்டினோம்.

பாடாத இடங்களில் பாட்டு மைக் சும்மா இருப்பதில்லை. சிம்பல் மைக்காக மாறிவிடுகிறது. ஆகவே மிக்ஸரில் இருப்பவர் அப்போது அதைப் பாதி இறக்க வேண்டும். முழுவதும் இறக்கினால் டிரம்ஸின் நாதமே திடீரென்று மாறிவிடும். தலையில் மாட்டும் மைக்கும் இருக்கிறது. தூரம் மாறாது என்பது அதன் நன்மை. மூச்சிரைப்பு முழுவதும் கேட்கும் என்பது தீமை. எல்லாவற்றையும் விட, பாடும் அடிகளில் மெல்ல வாசிக்க வேண்டும். ஸ்நேரை ஓங்கி அடிக்காமல், குச்சியைப் படுக்கவைத்து விளிம்பில் தட்டினால் போதும்.

“பெண் பிள்ளை டிரம்ஸ் அடித்துக்கொண்டு பாடுவதா?” என்று வீட்டில் ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் கேரன் கார்ப்பெண்டர் என்ற பெண்மணி இருந்தார். 1950-ல் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளி இசைக்குழுவில் டிரம்ஸ் கற்று, அண்ணன் ரிச்சர்டோடு சேர்ந்து வாசித்துக்கொண்டே பாடினார். 1970-ல் உலகப் புகழ் பெற்றார். குள்ளமான உருவம் டிரம்ஸுக்குப் பின்னால் மறைகிறது என்று அவரை மேடையின் முன்னால் நிற்க வைத்துவிட்டு வேறொருவரை வாசிக்க வைத்தார்கள். தம்மைப் பாடத் தெரிந்த டிரம்ஸ் கலைஞராகவே அவர் கருதி வந்தார். 1983-ல், 32 வயதிலேயே காலமானார். அவ்வளவு தூரம் போவானேன்? நம் வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் வீசுகோலால் வில்லை அடித்துக்கொண்டேதானே கதை பாடுகிறார்!

விழா நாளன்று அந்த அண்ணன் தாமாகவே வந்து, என் வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் தம் மூன்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “போதுமா பாப்பா?” என்று கேட்டார். இரண்டு பாடல்கள் நன்றாகப் போயின. மூன்றாவது பாடலில் ஸ்டாண்டின் திருகு தளர்ந்து, மைக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க ஆரம்பித்தது. நானும் அதோடு தலையைத் தாழ்த்திக்கொண்டே பாடினேன். கையை எடுக்க வழியில்லை. முடிந்ததும் பெற்றோர் சிலர், “குழந்தை எவ்வளவு பக்தியாகத் தலைகுனிந்து பாடினாள்!” என்று சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஸ்டாண்டுக் கையின் மறுமுனையில் ஒரு சிறிய மணல் பையைக் கட்டிவிட்டோம். இப்போது இறங்குவதில்லை.