தொண்டை நோவு தணிந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்

இடம்பெயர்ந்திருந்த நாட்களில் ஒரே மண்டபத்தில் பல குடும்பங்கள் நெருங்கிப் படுத்திருந்தீர்கள். ஒரே கோப்பையில் பலர் குடித்தீர்கள். தொண்டைக் கிருமி பரவ அது போதும். ஆகவே, லயத்துக்குத் திரும்பிய பிறகு பிள்ளைக்குத் தொண்டை நோவு வந்தால் டயகமவின் குளிரை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

தொண்டையின் இரு பக்கமும் உள்ள சதையே டொன்சில். அது சிவந்து வீங்கினால் விழுங்கும்போது நோகும், காய்ச்சல் வரும். பெரும்பாலும் காரணம் வைரஸ்தான். சளி, இருமலோடு வந்து ஒரு வாரமளவில் தானாகவே மாறிவிடும். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது, கஞ்சி, வயதுக்கேற்ற அளவில் பெரசிட்டமோல் போதும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்காதீர்கள். டொன்சிலில் சுண்ணாம்பு தடவாதீர்கள்; வாய் வெந்துவிடும்.

பயப்பட வேண்டியது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவுக்கு. 5 முதல் 15 வயதுவரை இது அதிகம். சளி, இருமல் இல்லாமல் திடீர்க் காய்ச்சல், டொன்சிலில் வெள்ளைப் படிவு, கழுத்தில் நெறி கட்டுதல் கண்டால் டயகம வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இந்த நோவும் தானாகத் தணியலாம். ஆனால் 2, 3 வாரம் கழித்து முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகள் மாறி மாறி வீங்கும் வாதக் காய்ச்சல் வரக்கூடும். அது இருதய வால்வையே கெடுத்துவிடும். தொண்டை நோவு தொடங்கி 9 நாட்களுக்குள் பெனிசிலின் ஆரம்பித்தால் பெரும்பாலும் தடுக்கலாம். 10 நாளுக்கு மருந்து தந்தால் 10 நாளும் கொடுங்கள். மூன்றாம் நாளே பிள்ளை விளையாடப் போகும். மீதியைத் தம்பிக்கு எடுத்து வைக்கத் தோன்றும். வேண்டாம். முன்பு பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாதக் காய்ச்சலுக்காக 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுவந்த பிள்ளையா? இடப்பெயர்வில் ஊசி தவறியிருந்தால் இன்றே போங்கள். கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் போங்கள். நடந்ததைச் சொன்னால் போதும்.

பெரியவர்களுக்கும் டொன்சில் வீங்கும். ஒரு நாள் பேர் போய்விடுமே என்று காய்ச்சலோடு மலையேறாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் கடுமையாக நொந்து, வாய் திறக்க முடியாமல் போனால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். மூச்சுவிடக் கஷ்டப்பட்டாலோ, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிந்தாலோ, பிள்ளையோ பெரியவரோ, விடியும்வரை காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.